முப்பத்தெட்டுக்கு அடுத்தது

மார்ச் 3

அன்புத் தம்பி கணக்குப்புலிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் மாமாவும் உன் வீட்டுக்காரியும் சுகம், என் கழுத்தைத் தவிர. உனக்கு அந்த இருமல் விட்டதா என்று எழுது.

கழுத்து விஷயத்தை வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். பேப்பரில் வரும் எண் புதிரை உனக்கு எழுதி அனுப்பி, ‘விடை எனக்குத் தெரியும், நீ கண்டுபிடி பார்க்கலாம்’ என்று பீற்றிக்கொள்கிறேனே, அதெல்லாம் சும்மா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்கு அடுத்த எண் என்னவென்று எங்கே தெரியும்? விடையைப் புதிருக்குக் கீழேயே தலைகீழாக அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் அளந்தேன். போன வாரம் பஸ்ஸில் போகும்போது பேப்பரைத் திருப்பத் தோன்றாமல் என் தலையைத் திருப்பிப் படித்தேன். சுளுக்கிக்கொண்டது. இப்போது காஜா மெஷின் முன்னால் கோணிக்கொண்டே உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் துளை போடுகிறேன். பக்கத்து மெஷின்காரர் நான் அவரையே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, நேற்றிலிருந்து தலை சீவிக்கொண்டு வருகிறார்.

ஆகவே பேப்பர் புதிருக்கு முழுக்கு. இந்தத் தடவை நானே சொந்தமாக ஒன்று கட்டியிருக்கிறேன். எழுதிக்கொள்:

28, 29, 31, 34, 30, 35, 38, ?

முப்பத்தெட்டுக்கு அடுத்தது என்ன? கண்டுபிடித்தால் நீ புலி. இல்லையென்றால் பூனை.

ஜூலையில் விடுதலைக் குழு உட்காரும்போது உன் பெயரும் இருக்கும் என்றாயே, அதுதான் இங்கே காலையும் மாலையும் பேச்சு. இந்தக் குழுவில் பெயர் விட்டுப்போனால் மிச்சத் தண்டனை இரண்டு வருஷத்தையும் முழுசாகக் கழித்துவிட்டுத்தான் வர முடியும் என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. நல்ல பிள்ளையாக இரு. ஒப்பந்தக்காரரைப் படியிலிருந்து தள்ளிய கை, இனி இழைப்புளியைத் தவிர வேறு எதையும் தள்ளக் கூடாது.

நீ பாதியில் விட்டுப்போன குளியலறைக் கதவு அப்படியே கிடக்கிறது. வேறு தச்சரைக் கூப்பிடலாம் என்றால் உன் வீட்டுக்காரி, “ஆரம்பிச்சவரு வந்து முடிப்பாரு அண்ணி” என்கிறாள். அதனால் திரையைத் தொங்கவிட்டு, உள்ளே ஆள் இருப்பது தெரிவதற்காக எல்லோரும் பாடிக்கொண்டே குளிக்கிறோம். மாமா பாடுவதைக் கேட்டால் நீ சுவரேறிக் குதித்தாவது வந்து கதவை மாட்டுவாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
கழுத்து கோணியவள்


மார்ச் 16

கோணல் கழுத்து அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகம். இருமல் போய்விட்டது. சுளுக்குக்குச் சூடான துணி ஒத்தடம் கொடு. பக்கத்து மெஷின்காரருக்கு என் அனுதாபத்தைச் சொல்.

புதிருக்கு வருகிறேன். நீ எழுதிய ஏழு எண்ணில் மூன்று தப்பு. 28க்கும் 29க்கும் ஒன்று வித்தியாசம். அடுத்து இரண்டு. அடுத்து மூன்று. அப்படியானால் 34க்குப் பிறகு 38 வர வேண்டும். நீ 30 போட்டிருக்கிறாய். 28, 29, 31, 34, 38, 43, 49, அடுத்தது 56. இதுதானே விடை? சொந்தமாகக் கட்டினேன் என்று கதை விடாதே. எங்கேயோ பார்த்துத் தப்பாக எழுதியிருக்கிறாய், அதுவும் மெஷின்காரரைப் பார்த்துக்கொண்டே.

பட்டறையில் இப்போது கண்காணிப்பாளர் அறைக்கு நாற்காலி செய்கிறேன். கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. ஜூலைக்கு அது உதவும் என்று பட்டறையில் எல்லோரும் சொல்கிறார்கள்.

கதவை யாரும் தொடக் கூடாது. கீல் மாட்ட வேண்டிய பக்கத்தை நான் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். துடைத்துவிடாதீர்கள். மாமாவை மெதுவாகப் பாடச் சொல்.

உன் தம்பி,
புலியேதான்


மார்ச் 25

பூனைத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். கழுத்து நேராகிவிட்டது. மெஷின்காரர் சீப்பை வீட்டில் வைத்துவிட்டார்.

ஐம்பத்தாறா? படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உன் வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். ஐம்பத்தாறு ஆனால் அதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் நடமாட முடியுமா?

ஏழு எண்ணும் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. அந்த முப்பது இருக்கிறதே, அது குறைந்த சமயத்தில் நாம் எல்லோரும் உட்கார்ந்து அழுதோம். உனக்கு ஞாபகம் இல்லையா? அதற்கப்புறம் அது ஏறிய ஏற்றம்தான் ஏற்றம்.

போனால் போகிறது, ஒரு துப்பு தருகிறேன். விடை உன் கண்ணெதிரே வந்து போயிருக்கிறது. போன மாதம் உன்னைச் சந்திக்க வந்தபோது எங்களோடுதான் உள்ளே வந்தது. வாசலில் அந்தச் சுழல் கம்பியில் மாட்டிக்கொள்ளப் பார்த்தது. மூச்சைப் பிடித்து எப்படியோ உள்ளே கொண்டுவந்துவிட்டோம். காவலர் பார்த்தார், சிரித்தார், என்னவென்று கேட்கவில்லை. நீயும் பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை.

விடையை எழுதமாட்டேன். எழுதினால் நீ பதிலில் உளறுவாய். உன் கடிதத்தை வீட்டில் உரக்கப் படிப்பது மாமா. அவருக்குத் தெரிந்தால் நான் தொலைந்தேன். யோசி.

நாற்காலியை நன்றாக இழை. சிராய் குத்தினால் ஜூலை போய்விடும்.

உன் அக்கா,
புதிர் மேதை


ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் மாமா அவர்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

இப்போது எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். அமைதியாக இருக்கிறது. பட்டறை வேலையிலிருந்து சில நாள் ஓய்வு. நாற்காலியை வேறொருவர் முடிக்கிறார்.

நீங்கள் அனுப்பிய எண்கள் எதைக் குறிக்கின்றன, அடுத்த எண் என்ன என்பதை உங்கள் அடுத்த கடிதத்தில் தெளிவாக எழுதவும். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். துப்பு வேண்டாம். விடையை எழுதவும்.

இந்த மாதம் சந்திப்பு இல்லை. ஜூலை பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் தம்பி


ஏப்ரல் 28

மேன்மை தங்கிய தம்பி அவர்கள் சமூகத்துக்கு,

அடியாள் சுகம். தாங்கள் சுகமா?

தனி அறை, வேலை இல்லை, ஓய்வு. கொடுத்து வைத்தவன். நான் இங்கே ஆறு பேர் மூச்சுவிடும் கூடத்தில் உட்கார்ந்து துளை போட்டுக்கொண்டிருக்கிறேன். தனி அறை கிடைத்ததும் அக்கா ‘அவர்கள்’ ஆகிவிட்டாள். இன்னும் ஒரு ஜன்னல் சேர்த்துக் கொடுத்தால் என்னை யாரென்றே கேட்பாய் போலிருக்கிறது.

தோல்வியை ஒப்புக்கொள்கிறானாம். சின்ன வயதில் பல்லாங்குழியில் தோற்றால் முத்துகளை வாயில் போட்டுக்கொண்டு ஓடியவன், இன்று மூன்று வரியில் தோற்றுவிட்டான். நான் நம்பவில்லை. ஏதோ தந்திரம் செய்கிறாய்.

உண்மையைச் சொன்னால் அடுத்த எண் எனக்கே இன்னும் தெரியாது. முப்பத்தெட்டைத் தாண்டியாயிற்று என்பது மட்டும் தெரியும். பார்க்க விடமாட்டேன் என்கிறது. நீ வெளியே வரும் அன்றைக்குத் துணிந்து பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். எல்லா ஏற்பாடும் தயார். அதுவரை பொறு.

உன் வீட்டுக்காரி மட்டும் உன் கடிதத்தை வாங்கி மறுபடி படித்தாள். “அண்ணி, அவரு உங்களை நீன்னுதானே எழுதுவாரு?” என்றாள். “தனி ரூம் குடுத்துட்டாங்கல்ல, மரியாதையும் கூடவே வந்துடுச்சு” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா அவர்கள்


மே 20

அக்கா,

நலம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் விடை இல்லை.

இந்த மாதமும் சந்திப்பு இல்லை. வந்து அலைய வேண்டாம்.

நான் உங்களிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை. இப்போது கேட்கிறேன். அந்த எண்கள் என்னவென்று எழுதுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

குளியலறைக் கதவுக்கு வேறு தச்சரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி


மே 27

தம்பி,

உன் கடிதத்தை மாமாதான் உரக்கப் படித்தார். கடைசி வரி வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். உன் வீட்டுக்காரி எழுந்துபோய்ச் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் அந்தக் கதவுப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் லீவு போட்டு, வர வேண்டாம் என்று நீ சொன்னதையும் மீறி வாசலுக்கு வந்தேன். அதே காவலர்தான்.

“உங்க தம்பிக்குச் சந்திப்பை நிறுத்தி வச்சிருக்காங்கம்மா.”

“அவன் என்னங்க பண்ணான்?”

“நம்பர் எழுதி அனுப்புற அக்கா நீங்கதானா?”

“ஆமா.”

“அப்ப என்னைப் போய்க் கேக்குறீங்களே. நீங்கதானே சொல்லணும்.”

திரும்பி வரும் வழியெல்லாம் என் கடிதங்களை மனதுக்குள் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தேன். வேறு ஒருவர் கண்ணால் படித்தேன். மூச்சைப் பிடித்து உள்ளே கொண்டுவந்துவிட்டோம். நீ வெளியே வரும் அன்றைக்கு எல்லா ஏற்பாடும் தயார்.  சிரிக்க வைக்கத்தான் எழுதினேன். நீ தனி அறையில் உட்கார்ந்துகொண்டு ஓய்வு என்று எழுதுகிறாய், நான் ஜன்னல் கேட்கிறேன்.

இனி இந்தக் கடிதத்தில் உனக்கு எழுத ஒன்றும் இல்லை. உனக்கு முன்னால் இதைப் படிப்பவருக்கு எழுதுகிறேன்.

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம். எங்கள் கடிதங்களையெல்லாம் நீங்கள்தான் முதலில் படிக்கிறீர்கள் என்று தெரியும். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் ஐயா என்கிறேன். அம்மாவாக இருந்தால் மன்னிக்கவும்.

அந்த எண்கள் என் வீட்டுக்காரரின் இடுப்பளவு.

எங்கள் கல்யாணத்துக்கு அவருக்கு ஒரு பேன்ட் தைத்தோம். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அதைத்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடிப்பார். முதலில் இருபத்தெட்டு இஞ்ச். ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை செய்கிறவர், இடுப்பு எப்படி அங்கேயே நிற்கும்? பத்தாமல் போகும்போதெல்லாம் பிரித்து, ஒட்டுத்துணி வைத்துத் தைப்பேன். இருபத்தொன்பது ஆனது, முப்பத்தொன்று ஆனது, முப்பத்துநான்கு ஆனது. மஞ்சள் காமாலையில் படுத்து முப்பதுக்கு இறங்கினார். பிழைத்து எழுந்து முப்பத்தைந்து, அப்புறம் முப்பத்தெட்டு. அதற்கு மேல் என்னை டேப்பை எடுக்க விடவில்லை. சுழல் கம்பியில் மாட்டிக்கொண்டது அவர் வயிறு. என் தம்பி வந்ததும் அவனை விட்டு அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அளந்துவிடலாம் என்பதுதான் நான் செய்த ஏற்பாடு.

இதில் வேறு எதுவும் இல்லை. பேன்ட் என் பெட்டியில் இருக்கிறது. பழைய தையல் துளைகள் வரிவரியாகத் தெரியும். கொண்டுவந்து காட்டச் சொன்னால் காட்டுகிறேன். என் வாய்க்கொழுப்புக்கு அவனைத் தண்டிக்காதீர்கள். அவன் ஒரு கீல் மாட்டுவதற்குக்கூட அளந்து பென்சில் குறி போடுகிறவன், குறுக்கு வழி அறியாதவன்.

கடிதத்தை இப்படி முடிப்பது சரியா என்று தெரியவில்லை.

அக்கா


ஜூன் 8

அம்மையீர்,

தங்கள் மே 27 தேதியிட்ட கடிதத்தின் இரண்டாம் பகுதி இப்பிரிவுக்கு எழுதப்பட்டதாகக் கொள்ளப்பட்டு, கோப்பில் சேர்க்கப்பட்டது.

தங்கள் விளக்கம் சரிபார்க்கப்பட வேண்டியுள்ளது. ஜூன் 24 காலை, அதில் கூறப்பட்ட பேன்ட்டையும் மேற்படி பேன்ட்டுக்குரிய நபரையும் நேரில் கொண்டுவரவும். நபர் வராத நிலையில் பேன்ட்டை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது.

ஜூலைக் குழுவுக்குச் செல்லும் பெயர்ப் பட்டியல் ஜூன் மாத இறுதியில் மூடப்படும் என்பதையும் தெரிவிக்கலாகிறது.

கடிதத் தணிக்கை அலுவலர்

(பெறுநர் கவனத்துக்கு: நான் ஐயாதான்.)


ஜூன் 12

தம்பி,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

அலுவலரின் கடிதம் வந்தது. நான் வேலையிலிருந்து வருவதற்குள் மாமா உறையைப் பிரித்து, வழக்கம்போல உன் வீட்டுக்காரிக்கு உரக்கப் படித்திருக்கிறார். ‘மேற்படி பேன்ட்டுக்குரிய நபர்’ என்ற இடத்தில் நின்றுவிட்டாராம். நான் வந்தபோது கடிதம் மேசை மேல் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்திருந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: “கடையில என்னை வச்சுச் சிரிப்ப, சொந்தக்காரங்க முன்னாடி சிரிப்ப, சரின்னு விட்டேன். ஜெயிலுக்குள்ளயும் என் வயித்தை அனுப்பிட்டியே.”

“விளையாட்டுக்குத்தாங்க.”

“அவன் உள்ள தனியா கெடக்கான். நான் அங்க போயி அத்தனை பேரு முன்னாடி சட்டையைத் தூக்கிக்கிட்டு நிக்கணும். யாருக்கு விளையாட்டு?”

 

வரமாட்டேன் என்றுவிட்டார். ரொட்டிக்கடையிலிருந்து வருகிறார், திரைக்குப் பின்னால் குளிக்கிறார். பாடுவதில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் உன் வீட்டுக்காரி நேற்றுத் திரையை விலக்கப் போய்விட்டாள். சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிடுகிறார். நான் கெஞ்சிப் பார்த்தேன்.  உன் வீட்டுக்காரி தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

24ஆம் தேதி பேன்ட்டை எடுத்துக்கொண்டு நான் மட்டுமாவது வருவேன். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

கதவுக்கு யாரையும் கூப்பிடவில்லை.

அக்கா


ஜூலை 15

அக்கா,

நேற்று குழு உட்கார்ந்தது. என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கடைசியில் கண்காணிப்பாளர், “அந்த நாற்காலி இன்னும் பாதியிலேயே நிக்குது, முடிச்சுட்டுப் போ” என்றார். அது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. ஆகஸ்ட் 4 காலையில் விடுகிறார்கள்.

என் வீட்டுக்காரியிடம் நீயே முதலில் சொல். மாமா உரக்கப் படிப்பதற்கு முன்னால் சொல்.

இப்போது நடந்ததை எழுதலாம், வரிகளை மை பூசி அழிக்க மாட்டோம் என்றார்கள். எங்கள் வரிசையில் அறைகளின் எண் இருபத்தெட்டில் ஆரம்பித்து முப்பத்தெட்டில் முடிகிறது. உன் இரண்டாவது கடிதம் வந்த வாரம் சோதனை போட்டார்கள். முப்பதிலும் முப்பத்தைந்திலும் கைபேசி சிக்கியது. உன் எண்களில் இரண்டும் இருந்தன. அடுத்தது எந்த அறை, எப்படி உள்ளே வருகிறது என்று என்னைக் கேட்டார்கள். புதிர் என்றேன். சரி, விடை என்ன என்றார்கள். நான் ஐம்பத்தாறு என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவர் தாளில் கூட்டிப் பார்த்துவிட்டு, “முப்பது எப்படி வந்தது?” என்றார். நான் என்ன சொல்ல?

நடந்ததை உனக்கு எழுதக் கூடாது என்றார்கள். விஷயம் தெரிந்து நீ விடை எழுதினால் அது நான் சொல்லிக்கொடுத்து எழுதியது ஆகிவிடும். நீயாக எழுத வேண்டும். அதனால்தான் மரியாதை போட்டு எழுதினேன். மரியாதை போட்டாலே நீ பயந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ ஜன்னல் கேட்டாய். தனி அறையில் அதைப் படித்துவிட்டுக் கோபப்பட்டேன், அப்புறம் சிரித்தும்விட்டேன். ஜன்னல் உண்மையிலேயே இல்லை.

24ஆம் தேதி என்ன நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். தணிக்கை அலுவலரிடமே கேட்டேன், முப்பத்தெட்டுக்கு அடுத்தது என்னங்க என்று. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “உங்க அக்காவையே கேளுங்க” என்றார். மாமா வந்தாரா?

கதவுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடு. பென்சில் குறி இருக்கிறதா?

உன் தம்பி


ஜூலை 21

என் பூனைக்குட்டிக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதும்போது இன்றைக்குத்தான் அது முழு உண்மை. அவளிடம் நான்தான் சொன்னேன். கேட்டதும் எழுந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துப்போய்க் கீலுக்குப் போட ஆரம்பித்தாள். மாட்டாத கீலுக்கு எண்ணெய் எதற்கு என்று நான் கேட்கவில்லை. பென்சில் குறி இருக்கிறது.

மாமா வந்தார். 24ஆம் தேதி காலையில் பேன்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் தனியாக பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு. என்னைப் பார்க்காமல், “டிக்கெட்டு நான் எடுக்குறேன்” என்றார்.  சுழல் கம்பியில் பக்கவாட்டாக நுழைந்தார். காவலர் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அலுவலர் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், மூக்குக் கண்ணாடி மட்டும் வயசானது. பேன்ட்டை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி மேசையில் விரித்து, என் முதல் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துளை வரிசையாக டேப் வைத்து அளந்தார். இருபத்தெட்டு. சரி. இருபத்தொன்பது. சரி.  முப்பத்துநான்கு வரை வந்து நின்றார்.

“இங்க ஏன் குறைஞ்சுது?”

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார்: “காமாலைங்க. தேறமாட்டேன்னு சொல்லிட்டாங்க. இவ காலைல எழுந்ததும் டேப்பைக் கொண்டாந்து இடுப்புல சுத்திப் பாத்துட்டு, இன்னிக்கு ஒரு நூலளவு கூடியிருக்குன்னு சொல்லுவா. கூடியிருக்காது. எனக்கும் தெரியும். ஆனா அவ சொல்றதைக் கேக்கத்தான் கண்ணு முழிப்பேன்.”

அலுவலர் கொஞ்ச நேரம் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் முப்பது, சரி என்று எழுதினார். அந்த இடத்தில் மட்டும் நூல் சிவப்பு. அன்றைக்குக் கையில் அதுதான் கிடைத்தது. முப்பத்தைந்து சரி, முப்பத்தெட்டு சரி. 

பஸ்ஸில் வரும்போது மாமா என் பக்கம் திரும்பி, “அடுத்த புதிர்ல என்னை விட்டுடு” என்றார். சரி என்றேன். வேறு யாரை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ வந்து சேர்.

4ஆம் தேதி வாசலில் மூன்று பேரும் நிற்போம். நன்றாகத் தூங்கு.

உன் அக்கா

பி.கு.: நீ கேட்ட விடை. துளைகளை அளந்து முடித்ததும் அலுவலர், “அடுத்த எண்ணும் கோப்புல இருந்தாத்தான் புதிர் முடியும். இது இவரோட பேன்ட்டுன்னும் உறுதி பண்ணணும், போட்டுக்கிட்டு வாங்க” என்றார். மாமா உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு வாரம் பாதிச் சாப்பாடு சாப்பிட்டிருந்ததால், மூச்சைப் பிடித்துப் பட்டனைப் போட முடிந்தது. அலுவலர் டேப்பைச் சுற்றி, “மூச்சை விடுங்க, சரியா எழுதணும்” என்றார். மாமா விட்டார். நாற்பத்திரண்டு. பட்டன் தெறித்துப்போய் அலுவலரின் டீ டம்ளரில் விழுந்தது. துளை நான் போட்டது, அது அப்படியே இருக்கிறது. அவர் பட்டனைக் கரண்டியால் எடுத்து, துடைத்து, காகிதத்தில் மடித்து, ‘பட்டன், ஒன்று’ என்று எழுதி, மாமாவிடம் கையெழுத்து வாங்கி, உன் கோப்பில் குத்தி வைத்துக்கொண்டார். உன் பொருள்களோடு சேர்த்துத்தான் தருவார்களாம். வாசலில் மறக்காமல் கேட்டு வாங்கி வா. டீயை அவர் குடிக்கவில்லை.